குர்திஸ்தான் மலைப்பயணம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இராக்கின் வடக்கே உள்ள குர்திஸ்தானில், எர்பில் நகரத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகும் ஏப்ரல் வந்தால் கால் நிற்காது. சிறு குழு ஒன்றோடு கிளம்பிவிடுவேன். பயணத்தை நடத்துபவர் உள்ளூர் வழிகாட்டி. அவர் சொல்வதைத் தமிழில் சொல்வதும், இறங்கியவர்களை எண்ணித் திரும்ப வண்டியில் ஏற்றுவதும் என் வேலை. போன வாரம் எட்டு நாள் திட்டத்தைப் பகிர்ந்திருந்தேன்: எர்பில், ரவாந்துஸ், ஷானிதர் குகை, ஆக்ரே, லாலிஷ், அல்கோஷ், அமேதி. விரும்புகிறவர்களுக்கு மட்டும் கடைசியில் சுலைமானியா. வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஈரோட்டுப் பெண்: அம்மாவுக்கு 64 வயது. இராக் என்றதுமே வீட்டில் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறைக்காமல் சொல்லுங்கள், பாதுகாப்பான இடமா?

ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஊருக்குள்ளும் முக்கியச் சாலைகளிலும் எனக்கு ஒரு தடவைகூடப் பயம் வந்ததில்லை. எர்பில் கோட்டைக்குக் கீழே உள்ள சதுக்கத்தில் இரவு பத்து மணிக்கும் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அக்கம்பக்கத்து நாடுகள் மோதிக்கொண்டால் அது இந்த வானத்தையும் தொடும், விமானங்கள் சொல்லாமல் நிற்கும். துருக்கி எல்லையை ஒட்டிய மலைகளில் பல வருடங்களாக ராணுவ நடவடிக்கைகள் நடந்திருக்கின்றன. நம் திட்டம் அந்த மலைகளுக்குள் போகாது, அமேதி மட்டும் அந்தப் பக்கத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் ஊர். பணம் கட்டும் முன் ஒரு தடவை, கிளம்பும் வாரம் ஒரு தடவை நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். போகாதீர்கள் என்று இருந்தால் போகக்கூடாது, முன்பணம் போனால் போகட்டும். எர்பிலிலேயே 2016 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது என்பது ஒரு தெம்பு.

அம்மாவுக்குச் சிரமம் தரக்கூடியவை இரண்டே ஏற்றங்கள்: ஷானிதர் குகைப் படிகள், அல்கோஷில் மலை முகத்தில் குடைந்த ரப்பான் ஹொர்மிஸ்த் மடாலயம். இரண்டிலும் கீழேயே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

நடைவண்டி: எட்டு நாளில் பாதி வண்டிக்குள்ளேயே போய்விடும் போலிருக்கிறதே?

போகும். ஆனால் எர்பிலிலிருந்து ரவாந்துஸ் போகும் சாலையே பார்க்க வேண்டிய இடம்தான் தம்பி. 1928 முதல் 1932 வரை, நியூசிலாந்துக்காரரான ஏ. எம். ஹாமில்டன் என்ற பொறியாளர் தலைமையில், ஈரான் எல்லையில் உள்ள ஹாஜி ஓம்ரான் வரைக்கும் போட்டது. கலி அலி பெக் பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு. பாறையை வெட்டித்தான் வழி எடுத்திருக்கிறார்கள். பாலம் கட்டிக் கட்டிப் பழகியவர், பிறகு துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டும் எஃகுப் பாலம் ஒன்றையே வடிவமைத்தார். அது இன்றும் அவர் பெயரில் பல நாடுகளில் இருக்கிறது.

இப்போது அகலமான புதுச் சாலைகள் வந்துவிட்டன. ஓட்டுநரிடம் வாய்விட்டுக் கேட்காவிட்டால் அதிலேயே விரட்டிக்கொண்டு போய்விடுவார். "பழைய ஹாமில்டன் ரோடு" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். கையில் 5,000 தினார் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் இருப்பது கலி அலி பெக் அருவிதான். நேரில் பார்த்தால் நோட்டில் இருக்கும் அளவுக்கு இல்லையே என்று தோன்றலாம். கோடையில் எனக்கும் தோன்றியது. அருவிக்காகப் போகாதீர்கள், பள்ளத்தாக்குக்காகப் போங்கள்.

கல்வெட்டுக் கிறுக்கன்: ஷானிதரில் நியாண்டர்தால் மனிதர்கள் இறந்தவரைப் பூ வைத்துப் புதைத்தார்களாமே? அந்த இடத்தைக் காட்டுவார்களா?

அந்தக் கதைதான் எல்லாரையும் அங்கே இழுக்கிறது, என்னையும் சேர்த்து. 1951 முதல் 1960 வரை ரால்ஃப் சொலெக்கி என்ற அமெரிக்கர் தோண்டினார். பத்து நியாண்டர்தால் மனிதர்களின் எச்சங்கள் கிடைத்தன. அதில் ஒருவரைச் சுற்றி இருந்த மண்ணில் மகரந்தம் கொத்துக் கொத்தாக இருந்தது. பூவோடு அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் உலகம் முழுக்கப் பரவியது. பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். வளை தோண்டும் எலி வகை பூவை உள்ளே இழுத்துப் போயிருக்கலாம், மண்ணில் கூடு கட்டும் தேனீ மகரந்தத்தைக் கொண்டு வந்திருக்கலாம் என்று வாதம். இன்றைக்கு நிறையப் பேர் அந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள்.

என்னைக் கேட்டால் பூவை விடுங்கள். முதல் எண் கொடுத்த எலும்புக்கூட்டைப் பாருங்கள். இளம் வயதிலேயே முகத்தில் பலமான அடி, ஒரு கண் பார்வை போயிருக்கலாம், வலது கையின் கீழ்ப்பகுதி இல்லை. அப்படியும் நாற்பது வயதை ஒட்டி வாழ்ந்திருக்கிறார். வேட்டையாடிப் பிழைக்கும் கூட்டத்தில் யாராவது பார்த்துக்கொள்ளாமல் அது நடக்குமா? பூ வைத்தார்களோ இல்லையோ, சோறு போட்டிருக்கிறார்கள்.

தோண்டல் இன்னும் முடியவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு 2018இல் நசுங்கித் தட்டையாகிப்போன மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தது. ஏறக்குறைய 75,000 ஆண்டுக்கு முந்திய பெண். 200க்கும் மேற்பட்ட துண்டுகளை ஒட்டி, 2024இல் முகத்தையே செய்து காட்டினார்கள். குகையில் எலும்பு எதுவும் இருக்காது; பழையவற்றில் பெரும்பாலானவை பாக்தாத் போய்விட்டன. நீங்கள் பார்க்கப்போவது அகன்ற குகை வாய், கம்பி போட்ட குழி, கீழே பெரிய ஸாப் ஆறு. சொலெக்கி தோண்டிய காலத்தில்கூட பனிக்காலமானால் குர்திய மேய்ப்பர்கள் ஆடுகளோடு அந்தக் குகையில்தான் தங்கினார்கள். அதைச் சொல்லாமல் வழிகாட்டி நகர்ந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

வேல்முருகன் அடிமை: லாலிஷ் கோவில் மயில் வழிபாடு நம் முருக வழிபாடுதான், யசீதிகள் தமிழர் வழி வந்தவர்கள் என்று வாட்ஸாப்பில் வந்தது. உண்மைதானே ஐயா?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. இல்லை ஐயா. படங்களைப் பார்த்தால் மனசு அப்படிப் போவது புரிகிறது. அவர்களுடைய மயில் உருவம் தாங்கிய வெண்கலச் சின்னத்தைப் பார்த்தால் நம் வீட்டுக் குத்துவிளக்கு போலவே தெரியும். ஆனால் தோற்றத்தில் ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாட முடியாது. லாலிஷைப் புனிதத் தலமாகக் கொண்ட யசீதி மதத்தவரில் பெரும்பாலோர் குர்மாஞ்சி என்ற குர்திய மொழி வகையைப் பேசுபவர்கள், அவர்களுடைய வேதப் பாடல்களும் அந்த மொழியில்தான், பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தவை. இறைவன் உலகத்தை ஏழு தேவர்களிடம் ஒப்படைத்தான், அவர்களுக்குத் தலைவர் தாவூஸி மெலெக் என்னும் மயில் தேவர் என்பது நம்பிக்கை. லாலிஷில் அடக்கமாகியிருக்கும் ஷேக் அதி 12ஆம் நூற்றாண்டில் இன்றைய லெபனான் பக்கமிருந்து வந்தவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மயில் தேவரைச் சாத்தான் என்று மற்றவர்கள் பட்டம் கட்டியதால்தான் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டுப்பட்டார்கள். 2014 ஆகஸ்டில் சிஞ்சாரில் ஐஎஸ் அமைப்பு அவர்களைக் கொன்று குவித்தது உங்களுக்கே தெரியும். வெளியாட்கள் பெயர் வைத்ததால் பட்டபாடு போதும். நாம் அன்பாக வைத்தாலும் அது வெளியாள் வைத்த பெயர்தான்.

முருகேசர் பக்தன் (முன்னவர் இல்லை): அப்படியானால் அங்கே மயிலைப் பற்றிப் பேசவே கூடாதா?

தாராளமாகப் பேசலாம். "எங்கள் சாமி ஒருவருக்கும் மயில்தான் வாகனம்" என்று கைபேசியில் படம் காட்டினேன். அங்கிருந்த பெரியவர் சிரித்து, பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். "நீங்கள் எங்கள் ஆட்கள்" என்று ஆரம்பித்தால்தான் தப்பு.

லாலிஷ் எல்லைக்குள் செருப்பு கிடையாது, தெரு முழுவதும் அப்படித்தான். ஏப்ரலில் கல் சில்லென்று இருக்கும், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வாசற்படியை மிதிக்கக்கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். இது நமக்குப் புதிதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் கறுப்புப் பாம்பு செதுக்கியிருக்கும். உள்ளே தூண்களில் பல நிறப் பட்டுத் துணிகள். வேறு யாரோ போட்ட முடிச்சை அவிழ்த்தால் அவர் வேண்டுதல் நிறைவேறும், பிறகு உங்கள் வேண்டுதலை நினைத்து முடிச்சுப் போட வேண்டும். அது மட்டும் என்னவோ எனக்கு ரொம்பப் பிடித்துப்போன ஏற்பாடு. எண்ணெய்ச் சாடிகள் வரிசையாக இருக்கும் அறையில் தரை வழுக்கும், பெரியவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள்.

தயிர்சாதம்: சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை. ரொட்டி, சீஸ், தேன், பருப்புச் சூப், கத்தரிக்காய், வெண்டைக்காய்க் குழம்பு, சாதம் எல்லாம் உண்டு. "பே கோஷ்த்" என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் குழம்பு இறைச்சிச் சாற்றில் கொதித்திருக்கலாம், இலையில் சுருட்டிய யாப்ராக்கின் அடியில் எலும்பு கிடக்கலாம், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் பெயருக்கு ஏற்ற செய்தி: மாஸ்தாவ். மாஸ்த் என்றால் தயிர், ஆவ் என்றால் தண்ணீர். மோரேதான், உப்புப் போட்டது.

தாத்தா கேமரா: சிறுத்தை இருக்கிறதாமே, படம் கிடைக்குமா?

இருக்கிறது. சுலைமானியாவுக்குத் தெற்கே காராதாக் மலையில் 2011இல் தானியங்கி கேமராவில் பாரசீகச் சிறுத்தை பதிவானது. உங்கள் கேமராவில் விழும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்ஸான் பக்கம் காட்டாடு பார்க்க வாய்ப்பு அதிகம். வேட்டையாடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அங்குள்ள ஷேக்குகளின் காலத்திலிருந்து ஊரே காத்து வருகிறது. காலையில் தண்ணீருக்கு இறங்கும் நேரம் பாருங்கள். அப்புறம் ஏப்ரலில் பூ: கருவாலி மரங்களுக்கு நடுவே சிவப்பு அனிமோன், உயரப் போனால் தலைகீழாகத் தொங்கும் ஷிலேர். சாலையோரம் ரேவாஸ் என்ற காட்டுத் தண்டைக் கட்டுக் கட்டாக விற்பார்கள். தோலை உரித்து உப்புத் தொட்டுக் கடித்தால் புளிச்சென்று இருக்கும்.

நடைவண்டி: திரும்பவும் நான்தான். வழிகாட்டி இல்லாமல் ஹல்குர்த் ஏறலாமா? வரைபடம் இருக்கிறது.

கூடாது. வரைபடத்தில் கண்ணிவெடி இருக்காது. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் இராக் போரில் புதைத்தவை அந்த எல்லை மலைகளில் இன்னும் கிடக்கின்றன, மழையிலும் பனி உருகும்போதும் இடம் மாறும். சிவப்புச் சாயம் அடித்த கல், மண்டையோடு வரைந்த முக்கோணப் பலகை இரண்டையும் கண்டால் வந்த அடியிலேயே திரும்பி நட. ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் பூப் படம் எடுக்கப் பாதையை விட்டு நாலடி இறங்கினார். வழிகாட்டி அப்படிக் கத்தியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. 3,607 மீட்டர் மலை, உள்ளூர் ஆள் இல்லாமல் வேண்டாம். நடக்கத்தான் ஆசை என்றால் ஆக்ரே பக்கமிருந்து போகும் ஸாக்ரோஸ் மலைப்பாதை இருக்கிறது, 200 கிலோமீட்டருக்கு மேல். ஊர் ஊராக வீடுகளில் தங்கி நடக்கலாம். அதற்கும் துணையோடுதான்.

ஈரோட்டுப் பெண்: சுலைமானியாவைக் குழந்தைகளோடு சேர்க்கலாமா?

ஊரைச் சேர்க்கலாம். அம்னா சூரகா அருங்காட்சியகம் வேறு விஷயம். சதாம் காலத்து உளவுத்துறைச் சிறை, 1991இல் மக்கள் பிடித்தது, சுவரெல்லாம் குண்டு துளைத்த தடம். நுழைந்ததும் கண்ணாடித் துண்டுகள் பதித்த கூடம்: சதாம் அரசால் கொல்லப்பட்ட குர்துகளுக்காக 182,000 துண்டுகள், அழிக்கப்பட்ட ஊர்களுக்காக 4,500 விளக்குகள். அதுவரை பிள்ளைகள் வரலாம். அதற்கு அப்பால் சித்திரவதை அறைகள், பத்து வயதுக்குக் கீழே இருந்தால் வெளியே நிறுத்திவிடுங்கள். ஹலப்ஜாவும் அப்படியே. 1988 மார்ச் 16 நச்சுவாயுத் தாக்குதலில் ஏறக்குறைய 5,000 பேர் இறந்த ஊர். நினைவகத்தில் இருக்கும் படங்கள் பெரியவர்களுக்கே கடினம்.

கல்வெட்டுக் கிறுக்கன்: திட்டத்தில் ஜெர்வான் இல்லையே?

பிடித்துவிட்டீர்கள். லாலிஷிலிருந்து வண்டியில் கொஞ்ச தூரம்தான். அசீரிய மன்னன் செனகெரிப், நினிவே நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய கால்வாய்ப் பாலம், கி.மு. 690ஐ ஒட்டியது. இருபது லட்சத்துக்கு மேல் கல். பலகையும் கடையும் கூட்டமும் இல்லாததால் மற்றவர்கள் "வெறும் கல்தானே" என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், அதனால்தான் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். நீங்கள் வருவதாக இருந்தால் சேர்த்துவிடலாம். ஆப்பு வடிவ அசீரிய எழுத்து செதுக்கிய கற்கள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. சாய்ந்த வெயிலில்தான் எழுத்து தெரியும், ஆகவே மாலை நாலு மணிக்கு மேல்.