செம்புக் குண்டும் மான் சட்டமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மான் கட்டுப்பாட்டு வேலையில் இறங்கியிருக்கும் நம்மவர்கள் சிலரிடமிருந்து கொஞ்ச நாளாகவே ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. ஈயத்தை விட்டுவிட்டுச் செம்புக்கு மாறுவது எப்படி, மாறினால் சட்டத்துக்குள் இருப்போமா என்பதுதான் எல்லோருக்கும் உள்ள கவலை. தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஈயக் குண்டுக்குத் தடை வந்துவிட்டதா? இப்போதே மாற வேண்டுமா?

2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு அறிவிப்பை வெளியிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் அது பொருந்தும். ரைபிள் குண்டில் 3 சதவீதத்துக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. மாறிக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம். 6.17 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள குண்டுகளே இதில் வருகின்றன. ரைபிள் பெயரில் வரும் .243, .223 போன்ற எண்கள் அங்குலத்தில் குண்டின் விட்டத்தைக் குறிப்பவை; .243-இன் குண்டு 6.17 மில்லிமீட்டர். ஆகவே மானுக்கென்று நாம் வைத்திருக்கும் ரைபிள்களில் பெரும்பாலானவை உள்ளே வந்துவிடும்; .223 வெளியே நிற்கும்.

கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். கடைக்காரரிடம் இன்று பத்து வகைப் பெட்டிகள் இருக்கின்றன. எல்லோரும் ஒரே சமயத்தில் ஓடும்போது உங்கள் ரைபிளுக்குப் பிடித்த அந்த ஒரு வகை மட்டும் இருக்காது. எந்தக் குண்டு உங்கள் குழலில் ஒழுங்காகப் போகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு பருவம் பிடிக்கும்.

என் .243-இல் பத்து வருடமாக 100 கிரெயின் ஈயக் குண்டு போடுகிறேன். அதே எடையில் செம்பு கிடைக்குமா?

அதே எடையைத் தேடாதீர்கள். (கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு.) இந்த விஷயத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பினுடையது 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குழலின் விட்டத்தை மாற்ற முடியாது. எனவே அதே எடையில் செம்புக் குண்டு செய்தால் அது நீளமாகிவிடும். நீளமான குண்டு நேராகப் பறக்க அதிக வேகமாகச் சுழல வேண்டும். எவ்வளவு சுழலும் என்பதை முடிவு செய்வது ட்விஸ்ட், அதாவது குழலின் உள்வரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று திரும்புகிறது என்பது. பெரும்பாலான .243-களில் அது 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 100 கிரெயின் ஈயத்துக்கு அது போதும், 100 கிரெயின் செம்புக்குப் போதாது. குண்டு தள்ளாடும். இலக்குக் காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் போல நீண்ட துளை விழுந்தால், குண்டு பக்கவாட்டில் போய்ப் பட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் குண்டை மானிடம் கொண்டு போகவே கூடாது.

80 கிரெயினுக்கு இறங்குங்கள். அதன் நீளம் உங்கள் பழைய ஈயக் குண்டின் நீளத்தை நெருங்கிவிடும், பத்து அங்குல ட்விஸ்டில் ஒழுங்காகப் பறக்கும். எடை குறைந்ததை வேகம் ஈடுகட்டும். இருபது கிரெயின் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். ஈயக் குண்டு மானுக்குள் சிதறி எடையை இழக்கும். நல்ல செம்புக் குண்டு முனை மட்டும் இதழ் இதழாக விரிந்து, ஏறக்குறைய முழு எடையோடு ஊடுருவிப் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம். காலிபர், அதாவது குழலின் விட்டம், .240 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குழல் முனையில் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக்கூடாது. குண்டின் எடைக்கு, பெரிய மான்களைப் பொறுத்தவரை, அங்கே வரம்பு இல்லை. ஸ்காட்லாந்தில் கணக்கு வேறு. காலிபரைப் பற்றிப் பேச்சே இல்லை. எடை, வேகம், ஆற்றல் மூன்றையும் பார்ப்பார்கள். ரோ என்ற சிறிய மானைத் தவிர மற்ற மான்களுக்கு வேகம் விநாடிக்கு 2,450 அடி, ஆற்றல் 1,750 அடி-பவுண்டு. எடை முன்பு 100 கிரெயின் என்று இருந்தது. .243 வைத்திருப்பவர் செம்புக்கு மாற நினைத்தால் அந்த வரம்பே குறுக்கே நின்றது. 2023-இல் அதை 80 கிரெயினாகக் குறைத்தார்கள். செம்புக்கு வழி திறக்கத்தான் அந்தத் திருத்தமே வந்தது. ஆகையால் ஸ்காட்லாந்துக்குப் போகிறவர் 75 கிரெயின் பெட்டியைத் தவறுதலாக எடுத்துவிடக்கூடாது.

பெட்டியில் 1,990 அடி-பவுண்டு என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

பெட்டி சொல்வது தயாரிப்பாளரின் சோதனைக் குழலைப் பற்றி. அது பெரும்பாலும் 24 அங்குலம் இருக்கும். உங்கள் குழல் எவ்வளவு?

ஆற்றலை நீங்களே கணக்குப் போடலாம். குண்டின் எடையை கிரெயினில் எடுங்கள், வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள், 450,240-ஆல் வகுங்கள். 80 கிரெயின் குண்டு விநாடிக்கு 3,350 அடியில் போனால் 1,990-ஐ ஒட்டி வரும். இப்போது சைலன்சர் மாட்டவேண்டும் என்று குழலைச் சிறிதாக்குவது வழக்கமாகிவிட்டது. அங்குலத்துக்கு 25 முதல் 30 அடி வேகம் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 அங்குலக் குழலில் அதே தோட்டா 3,110 அடிக்கு இறங்கலாம். ஆற்றல் சுமார் 1,720. இங்கிலாந்தில் மயிரிழையில் தப்பிக்கிறீர்கள், ஸ்காட்லாந்தில் சிவப்பு மானைச் சுட்டால் சட்டமீறல். 80 கிரெயினுக்கு 1,700 வேண்டுமென்றால் ஏறக்குறைய 3,095 அடி வேகம் வேண்டும், 1,750-க்கு 3,140. இந்த இரண்டு எண்களையும் தோட்டாப் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டி வையுங்கள்.

நான் செம்புக்கு மாறிய முதல் குளிர்காலத்தில் பெட்டியை நம்பினேன். நண்பர் ஒருவர் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியைக் கொண்டுவந்து அளந்தபோது என் குறுங்குழலில் வேகம் அச்சிட்டதைவிட 200 அடிக்கு மேல் குறைவாக இருந்தது. நல்லவேளையாக அந்த ரைபிளோடு நான் இன்னும் வடக்கே போயிருக்கவில்லை. அன்றிலிருந்து, புதுப் பெட்டி வாங்கினால் வேகம் அளக்காமல் மான் பக்கம் போவதில்லை. குரோனோகிராஃப் வாங்க வேண்டியதில்லை. சுடும் மைதானத்தில் யாரிடமாவது இருக்கும்.

.308 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. 150 கிரெயின் 2,820 அடியில் போனாலே 2,650 அடி-பவுண்டு வந்துவிடும்; குழல் சிறிதானாலும் வரம்புக்கு மேலேதான். அதிலும் நான் 130 கிரெயினையே விரும்புகிறேன். வேகம் கூடுதல், மான் சீக்கிரம் விழுகிறது.

பெரிக்கில் வசிக்கிறேன். இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லைக்கு இரண்டு பக்கமும் அனுமதி இருக்கிறது. ரோ மானுக்கு .223 போதுமா?

வடக்கே போதும், தெற்கே கூடாது. ஸ்காட்லாந்தில் ரோ மானுக்குக் குறைந்தது 50 கிரெயின் குண்டு, 2,450 அடி வேகம், 1,000 அடி-பவுண்டு. 55 கிரெயின் செம்பு இதை எளிதாகத் தாண்டும். இங்கிலாந்தில் .223-ஐ முண்ட்ஜாக், சீன நீர்மான் என்ற இரண்டு சிறிய மான்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். அங்கேயும் 50 கிரெயின், 1,000 அடி-பவுண்டு என்ற வரம்பு உண்டு. ஒரே காலைப்பொழுதில் இரண்டு பக்கமும் போகிறவர் .243-ஐ எடுத்துக்கொள்வதே நல்லது. எல்லை எந்த வேலியில் ஓடுகிறது என்று இருட்டில் நின்று யோசிக்கும் நிலை வரக்கூடாது.

இன்னொன்று: பழைய .223 குழல்கள் சிலவற்றில் ட்விஸ்ட் 12 அங்குலம். அதில் 55 கிரெயின் செம்பு தள்ளாடலாம். காகிதத்தில் சுட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கடையில் 'ஈயமற்றது' என்று போட்ட பெட்டி மலிவாகக் கிடைத்தது. மானுக்கு அதைப் பயன்படுத்தலாமா?

வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை, பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

ஈயமில்லை என்பது முதலில் எதைப் பற்றி? சில பெட்டிகளில் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில்தான் ஈயம் இருக்காது, குண்டுக்குள் ஈயம் இருக்கும். உள்ளரங்கச் சுடுமிடங்களுக்காகச் செய்தவை அவை. அடுத்து, குண்டு விரியுமா? இங்கிலாந்தின் சட்டம் மென்முனை அல்லது குழிமுனைக் குண்டையே அனுமதிக்கிறது. ஸ்காட்லாந்திலும் குண்டு எதிர்பார்த்தபடி விரிய வேண்டும். முழுக்க செம்பாலோ பித்தளையாலோ கடைந்தெடுத்த, முனையில் குழி இல்லாத குண்டுகள் உண்டு. ஆப்பிரிக்காவில் எருமைக்கும் யானைக்கும் போடுபவை. அவற்றுக்குள் ஈயக் கரு கிடையாது, மானுக்கோ சட்டப்படி ஆகாது. பென்சில் போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். மான் காயத்தோடு ஓடி, எங்கோ புதருக்குள் மணிக்கணக்காகத் துடிக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த விதியே இருக்கிறது. இதற்கு எதிர்த்திசையில், நரிக்கென்று செய்த, பட்டதும் பொடியாகிவிடும் ஈயமற்ற குண்டுகளும் உள்ளன. அவையும் மானுக்கு வேண்டாம். தோள் எலும்பிலேயே உடைந்துவிடும்.

முனையில் வண்ண பிளாஸ்டிக் நுனி உள்ள செம்புக் குண்டைப் பார்த்துக் குழம்பாதீர்கள். நுனிக்குக் கீழே குழி இருக்கிறது. பட்டதும் நுனி உள்ளே தள்ளப்பட்டு குண்டு விரியும். பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ் இரண்டும் இந்த வகை.

செம்புக் குண்டில் அடிபட்ட மான் அறுபது அடி ஓடிவிட்டது. குண்டு சரியில்லையா?

இதயம், நுரையீரலில் பட்ட மான் அறுபது அடி ஓடுவது ஈயத்திலும் நடப்பதுதான். ஆனால் எத்தனை தூரத்திலிருந்து சுட்டீர்கள் என்று எழுதவில்லையே. செம்பு கடினமான உலோகம். பல செம்புக் குண்டுகள் விரிய, படும்போது விநாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வேகமாவது வேண்டும். தயாரிப்பாளர் அந்த எண்ணைச் சொல்லியிருப்பார். உங்கள் வேகத்தை அளந்து, எத்தனை கெஜத்தில் அந்த எண்ணுக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். அதற்கு அப்பால் உங்களுக்கு மான் கிடையாது. நெருங்கிப் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

குறியையும் சற்று மாற்றலாம். ஈயத்தில் தோளுக்குப் பின்னால் நுரையீரலைக் குறிவைத்துப் பழகியிருப்போம். செம்பு சிதறாது என்பதால் நான் இப்போது கொஞ்சம் முன்னால், தோளை ஒட்டி வைக்கிறேன். ஓடும் தூரம் குறைகிறது. குண்டு பெரும்பாலும் மறுபக்கம் வெளியே வந்துவிடும். ஆகவே மானுக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம் வேண்டும். பின்னால் இன்னொரு மான் நிற்கவும் கூடாது.

மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். ஃப்ரீசரில் போன வருடம் ஈயக் குண்டால் சுட்ட மான் இறைச்சி இருக்கிறது. சமைக்கலாமா?

அவருக்கு வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் வேண்டாம்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஈயத்தால் சுட்ட இறைச்சியைக் கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும், குழந்தைகளும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பது பிரிட்டனின் உணவுத் தர முகமையின் அறிவுரை. காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்தோமே என்பீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளைக் காயத்திலிருந்து வெகு தூரத்திலும் கண்டிருக்கிறார்கள். வேகவைத்தாலும் ஈயம் போகாது. நம் சமையலில் இன்னொரு சங்கடம்: புளி, வினிகர் போன்ற புளிப்பு ஈயத்தை மேலும் கரைத்து இறைச்சியில் சேர்க்கும். இதுவரை நிறையச் சாப்பிட்டிருக்கிறார் என்றால் மருத்துவச்சியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈய அளவைப் பார்ப்பது எளிய சோதனை.

நான் செம்புக்கு மாறியதற்குச் சட்டம் காரணமில்லை. என் பிள்ளைகளின் தட்டுதான் காரணம். அதற்குப் பிறகுதான் கழுகுகளைப் பற்றி யோசித்தேன். மலையில் மானைக் கிழித்துக் குடலை அங்கேயே விட்டு வருகிறோம். அதைத் தின்ன வருபவை பொன்கழுகும் வெண்வால் கடற்கழுகும். நம் குண்டின் ஈயத் துணுக்குகள் அவற்றின் வயிற்றுக்குப் போகின்றன.

மதுரையிலிருந்து எழுதுகிறேன். இங்கே மான் வேட்டைக்கு இது உதவுமா?

உதவாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், எந்த உலோகக் குண்டானாலும். பிரிட்டனில் ஓநாயும் சிவிங்கிப்பூனையும் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. மான்களைக் குறைக்க வேறு விலங்கு இல்லை, இளங்காடுகள் மேயப்பட்டே அழிகின்றன. அதனால்தான் அங்கே இது அனுமதிக்கப்பட்ட வேலை.

ஈயத்திலிருந்து மாறும்போது ரைபிளுக்கு என்ன செய்ய வேண்டும்? மிச்சமிருக்கும் பழைய தோட்டாக்களை என்ன செய்வது?

முதலில் குழலைச் செம்பு கரைக்கும் திரவம் போட்டு, துணி நீலமில்லாமல் வெளியே வரும்வரை சுத்தம் செய்யுங்கள். பழைய படிவின் மேல் புதுக் குண்டு ஓடினால் குறி அலையும், நீங்கள் குண்டைக் குறை சொல்வீர்கள். அப்புறம் இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். நெருக்கமாக விழுவதை வைத்துக்கொண்டு, ஸ்கோப்பை அதற்கே புதிதாகச் சரிசெய்யுங்கள். பழைய ஈயக் குண்டு போன இடத்துக்குப் புதியது போகாது. தோட்டா உங்கள் துப்பாக்கிச் சான்றிதழில் பதிவாகும் என்பதால், அதில் உள்ள எண்ணிக்கை வரம்பையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மிச்சமுள்ள ஈயத்தைத் தூக்கி எறிய வேண்டாம், மைதானத்தில் பயிற்சிக்குச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். ஆனால் ஒரே சட்டைப்பையில் இரண்டையும் வைக்காதீர்கள். செம்புக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் ஈயத் தோட்டா ஒன்று மாறிப் போனால், மார்பில் பட வேண்டியது வயிற்றில் படும்.