தியானத்தில் 'முதுகு நேராக' என்றால் கோல் மாதிரி விறைப்பாகவா?

கேள்வி இதுதான்: தியானத்துக்கு உட்காரும்போது முதுகு நேராக இருக்கவேண்டும் என்று யோகா வகுப்பில் ஓயாமல் சொல்கிறார்கள். சம்ஸ்கிருத மூல நூல்களில் அதற்கு என்ன சொல்லியிருக்கிறது? கோல் மாதிரி விறைப்பாக உட்காரத்தான் வேண்டுமா?

வேண்டாம். நான் படித்தவரை நூல்கள் கேட்பது ஆட்டமில்லாத, சாய்வில்லாத ஓர் இருப்பைத்தான். விறைப்பு நாமாகச் சேர்த்துக்கொண்டது.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது கீதையின் 6.13: 'ஸமம் காயசிரோக்ரீவம் தாரயன்னசலம் ஸ்திர:'. உடல், தலை, கழுத்து மூன்றையும் 'ஸமமாக', அசையாமல் தாங்கிக்கொண்டு உறுதியாக இரு என்கிறது. நேர்கோடு என்று தனியாக ஒரு சொல் இதில் இல்லை. கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் என்று சாயாமல் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருப்பதுதான் ஸமம். சங்கரர் உரையில் இங்கே அழகான ஒரு நுணுக்கம் உண்டு. ஸமமாக வைத்திருப்பவருக்கும் அசைவு வரலாம், அதனால்தான் 'அசலம்' (அசையாமல்) என்று தனியாகச் சொல்லியிருக்கிறது என்கிறார். அதே செய்யுளில் வரும் மூக்குநுனியைப் பார்ப்பதையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மூக்கைப் பார்ப்பது நோக்கமே அல்ல, பார்ப்பது 'போல' என்று படிக்கவேண்டும் என்கிறார். கண்ணை இடுக்கி மூக்கையே முறைத்துத் தலைவலி வாங்கிக்கொள்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

சுவேதாசுவதர உபநிடதம் (2.8) 'த்ரிருன்னதம்' என்கிறது. மார்பு, கழுத்து, தலை ஆகிய மூன்றும் உயர்ந்திருக்க, உடலை ஸமமாக நிறுத்தவேண்டும். யோகசூத்திரம் என்ற நூலைத் தந்த பதஞ்சலியோ முதுகைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'ஸ்திர ஸுகம் ஆஸனம்' (2.46), உறுதியும் சுகமும் உள்ளதே ஆசனம், அவ்வளவுதான். அடுத்த சூத்திரம் அதற்கு வழியாகச் சொல்வதில் முதலாவது 'பிரயத்ன சைதில்யம்', அதாவது முயற்சியைத் தளர்த்துவது. முதுகை இழுத்துப் பிடித்துக்கொண்டே முயற்சியைத் தளர்த்த முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, நேர் என்று நேரடியாகச் சொல்லும் 'ருஜு' எங்கே வருகிறது? உடற்பயிற்சியை முன்வைக்கும் ஹடயோகத்தின் நூலான, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகையில், சுவஸ்திகாசனம் என்ற அமரும் நிலைக்கு 'ருஜுகாய:' (நேரான உடலோடு) என்று இருக்கிறது. அதே நூல் சித்தாசனம் என்ற இன்னோர் அமரும் நிலையில் மோவாயை நெஞ்சில் பதிக்கச் சொல்கிறது. அப்போது கழுத்து குனிந்துதானே ஆகவேண்டும்! ஆக, ஹடயோகத்தில்கூட எல்லா ஆசனத்துக்கும் பொதுவாக ஒரே நேர்கோட்டு விதி கிடையாது. நீங்கள் கேட்ட கோலும் இந்த நூலில் உண்டு, ஆனால் முதுகுக்கு அல்ல. கோலால் அடிபட்ட பாம்பு கோல் போல நீண்டுவிடுவதுபோல், உடலுக்குள் சுருண்டு கிடப்பதாகச் சொல்லப்படும் குண்டலினி சக்தி, மகாமுத்திரை என்ற யோகப் பயிற்சியால் நேராகிறது என்கிறது மூன்றாம் அத்தியாயம்.

இன்னொன்று. கீதை 17.14 உடலால் செய்யும் தவங்களில் 'ஆர்ஜவம்' என்பதையும் சேர்க்கிறது. ருஜுவிலிருந்து பிறந்த சொல் என்பதால் சிலர் இதை நிமிர்ந்து உட்காரும் விதியாகவே விளக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரியோரை வணங்குதல், தூய்மை, அகிம்சை இவற்றோடு வரும்போது அது கபடமில்லாத நடத்தைதான்.

இனி உடம்புக்கு வருவோம். முதுகெலும்பு இயல்பிலேயே நேர்கோடு அல்ல. கழுத்திலும் இடுப்பிலும் முன்னோக்கி வளைவு, நடுமுதுகில் பின்னோக்கி வளைவு. நெஞ்சைத் தூக்கி இடுப்பை முன்னால் தள்ளினால் பார்க்க நிமிர்ந்தமாதிரி இருக்கும், ஆனால் கீழ்முதுகு வளைவு அதிகமாகித் தசைகள் சீக்கிரமே களைத்துவிடும். பெரும்பாலும் கோளாறு முதுகில் இல்லை, இடுப்பில்தான். தொடையின் பின்தசை இறுகியவர் தரையில் சம்மணமிட்டால் இடுப்பெலும்பு பின்னால் சரிந்து கூன் விழும். அவரிடம் "நிமிர், நிமிர்" என்று கத்திப் பயனில்லை. போர்வையை மடித்து உட்காரும் இடத்தின் கீழ் வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழும்படி செய்தால் முதுகு தானாக எழும். நான் அப்படித்தான் உட்காருகிறேன். கீதையிலும் (6.11) தர்ப்பை, தோல், துணி என்று அடுக்கிய இருக்கைதான், மிக உயரமாகவும் மிகத் தாழ்வாகவும் இருக்கக்கூடாது என்ற குறிப்போடு.

அப்புறம், சுவரில் சாய்ந்தால் தியானம் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யோகசூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையின் ஆசனப் பட்டியலிலேயே 'ஸோபாச்ரயம்', அதாவது பற்றுக்கோடு உள்ளது என்று ஒன்று இருக்கிறது. யோகபட்டம் கட்டி உட்காருவதுதான் அது என்கிறார், அந்த உரைக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிச்ரர். சபரிமலை ஐயப்பன் படத்தில் முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டை இருக்குமே, அதுதான் யோகபட்டம். யோக நரசிம்மர் சிலைகளிலும் பார்க்கலாம். நாற்காலியில் உட்காருவதென்றால் பாதம் முழுவதும் தரையில் படும் உயரமாகப் பாருங்கள். ஏற்கெனவே முதுகு வலி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.