சொந்த அனுபவக் கட்டுரையில் வாசகரை உள்ளே இழுப்பது எப்படி?

பாட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்கள் "நல்லாயிருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். வாசகர் மனதைத் தொட என்னென்ன உத்திகள் உண்டு என்பது உங்கள் கேள்வி.

பல வருடங்களாக இந்த வகைக் கட்டுரைகளை எழுதுகிறேன், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் தருகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் நான் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்குச் சாதகமில்லாத ஒரு உண்மையைக் கட்டுரைக்குள் வையுங்கள்.

அப்பா படுக்கையில் இருந்த மாதங்களைப் பற்றி எழுதியபோதுதான் இது எனக்குப் புரிந்தது. தம்பிக்கும் எனக்கும் நடந்த ஒரு சண்டை அதில் வருகிறது. முதல் வரைவில் நான் செய்ததெல்லாம் வரிசையாக இருந்தது: இரவெல்லாம் விழித்தது, மருந்துக்கு அலைந்தது, விடுப்பு எடுத்தது. படித்த நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க தம்பி அன்னைக்கு ஏன் அப்படிக் கத்தினார்?"

எனக்குப் பதில் தெரியும். அன்று மதியம் அவன் மூன்று முறை அழைத்தான்; நான் போனை எடுக்கவில்லை. அலுவலகக் கூட்டத்தில் இருந்ததாகப் பிறகு சொன்னேன். கூட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அப்பாவின் அறைக்குள் போகப் பயந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்த வரிகளைச் சேர்த்த பிறகு, விழித்த இரவுகளைப் பற்றிய இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன். நண்பர் மறுபடி படித்துவிட்டு வேறு கேள்வியே கேட்கவில்லை, வெகுநேரம் தன் அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பிறரை இணங்கவைக்க மூன்று வழிகளை அரிஸ்டாட்டில் சொல்கிறார்: பேசுபவரின் குணம், கேட்பவரிடம் எழும் உணர்ச்சி, வாதத்தின் வலு. சொந்த அனுபவத்தை எழுதும்போது சாட்சி நீங்கள் ஒருவர்தான். வாசகர் வேறு யாரிடமும் விசாரிக்க முடியாது. அதனால் முதல் வழிதான் இங்கே பெரும்பாரத்தைச் சுமக்கிறது. தனக்கு எதிரானதையும் மறைக்காமல் சொல்பவரை, மற்ற விஷயங்களிலும் மனம் நம்பிவிடுகிறது. இந்த வடிவத்துக்கு முன்னோடியான பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன் 1580-இல் தன் கட்டுரைகளை வெளியிட்டபோது வைத்த பெயருக்கே 'முயற்சிகள்' என்றுதான் பொருள். தன் ஞாபகமறதியையும் சிறுநீரகக் கல்லின் வலியையும் அவர் ஒளிக்கவில்லை. 1592-இல் இறக்கும்வரை, அச்சான பிரதியின் ஓரங்களில் புதிதாக எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். "நான் மோசமான மகன்" என்று எழுதினால், உங்களைத் தேற்றும் வேலை வாசகர் தலையில் விழுகிறது. எடுக்காத அழைப்புகள் மூன்று என்று எழுதினால் அவரே எடைபோட்டுக்கொள்வார்.

உணர்ச்சியைப் பொறுத்தவரை, தொல்காப்பியம் தரும் சொல்லிலேயே பாடம் இருக்கிறது: மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என எட்டு. மனதில் எழுவது உடலில் தெரிய வேண்டும். "மிகுந்த அச்சத்தில் இருந்தேன்" என்ற வரியை வாசகர் தாண்டிப் போய்விடுவார். சாவி பூட்டுக்குள் நுழையாமல், ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு திறந்ததை எழுதுங்கள், அங்கே நிற்பார்.

தொடக்கத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். முதல் பத்தியை அடித்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை அங்கேதான் ஆரம்பிக்கும்.

கட்டுரையில் வரும் மற்றவருக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். வெளியிடும் முன் என் கட்டுரையைத் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "மூணு தடவை இல்லண்ணா, நாலு." திருத்தினேன். அந்தக் கட்டுரையில் நான் மிகவும் மதிக்கும் சொல் அந்த 'நான்கு'தான்.

இனி உங்கள் பாட்டிக்கு வருகிறேன். கேள்வியின் முடிவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கடைசி வருடம் அவர் சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஹெட்போனைக் கழற்றாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று. நீங்கள் இணைத்திருக்கும் கட்டுரையில் இது இல்லை. அன்பு, பாசம், தியாகம் என்று எழுதியிருக்கும் பத்தியை எடுத்துவிட்டு இதை அங்கே வையுங்கள். அது என்ன கதை, எந்த இடத்தில் அவர் குரல் தணியும், உங்கள் காதில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் கேட்கவில்லை என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுங்கள்.