தாம்பூலப் பை எங்கடி? (அக்கா கிட்ட கேளுங்க: பொம்பளைங்க பயணம் ஸ்பெஷல்)

எனக்கு 22 வயசு, வேலூர்ல ஒரு துணிக்கடைல பில்லிங் பாக்கறேன். தனியா ஹம்பி போகணும்னு ரெண்டு வருஷமா ஆசை, காசும் சேத்து வெச்சிருக்கேன். அம்மா கிட்ட சொன்னா "ஒண்டியா போய் அங்க இன்னா பண்ண போற, எதுக்குப் போற?"ன்னு ஒரே கேள்வி. என்ன பதில் சொல்றது அக்கா?
(வாசகி, குடியாத்தம்)

உங்க அம்மா போகாதன்னு சொல்லல பாத்தியா கண்ணு, எதுக்குன்னுதான் கேக்கறாங்க. அங்கதான் மேட்டரே கீது. நம்ம ஊர்ல பொம்பளைங்க வெளியூரே போறதில்லன்னு யார் சொன்னா, திருப்பதி போவோம், பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போவோம், கல்யாணம் காதுகுத்து சாவு எல்லாத்துக்கும் போவோம், ஆனா எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். சும்மா பாக்கணும்னு தோணுச்சு போறேன்னு சொன்னா மட்டும் வூட்ல எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க.

என் கதையே சொல்றேன். எனக்கு அப்ப 38 வயசு. மைசூர் பாக்கணும், அவ்ளோதான். நேரா சொல்ல தைரியம் வரல, கூட படிச்சவ பொண்ணுக்கு கல்யாணம்னு ஒரு புளுகு விட்டுட்டு ராத்திரி காட்பாடில காவேரி எக்ஸ்பிரஸ் ஏறிட்டேன். காலைல மைசூர். சாமுண்டி மலைக்கு பஸ் இருந்தும் படியிலயே ஏறினேன், வழியில அந்தப் பெரிய நந்தி பக்கத்துல குந்தி ஒரு மணி நேரம் யாருக்கும் சாப்பாடு போடாம, யாரும் கூப்பிடாம இருந்தேன் பாரு, இப்ப நினைச்சாலும் கண்ணு கலங்குது. திரும்பி வந்து காட்பாடில இறங்கும்போதுதான் உறைக்குது, கல்யாணத்துக்குப் போனவ கைல தாம்பூலப் பை இல்ல! மார்க்கெட்ல ஒரு தேங்கா, வெத்தலை பாக்கு, ஒரு மஞ்சப் பை வாங்கினு வூட்டுக்குப் போனேன். மாமியார் பையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு கேக்கறாங்க, "பொண்ணு மாப்ள பேரே போடல, இன்னா கல்யாணம்டி இது?" அடுத்த தடவைல இருந்து புளுகறதை விட்டுட்டேன், அது டிக்கெட்டை விட செலவு ஜாஸ்தி.

1888-ல நியூயார்க்ல நெல்லி பிளைன்னு ஒரு பொண்ணு, பத்திரிகை ரிப்போர்ட்டர், 80 நாளைக்குள்ள உலகத்தை சுத்தி வரேன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா, பொம்பளைன்னா துணைக்கு ஒரு ஆள் வேணும், பெட்டி பெட்டியா சாமான் தூக்கணும், இது ஆம்பளை செய்யற வேலைன்னு. அப்படியா, ஆம்பளையையே அனுப்புங்க, நான் வேற பேப்பருக்காக அதே நாள் கிளம்பி அவனை ஜெயிச்சுக் காட்டறேன்னுட்டாங்க. மறு வருஷம் நவம்பர்ல இவங்களையேதான் அனுப்பினாங்க. உடம்புல போட்டிருந்த ஒரே கவுனு, ஒரு கோட்டு, கைல ஒரு சின்ன பை. கொழும்புல கப்பலுக்காக சில நாள் காத்துக் கெடந்தும் 72 நாள்ல ஊர் போய் சேந்துட்டாங்க. அந்தப் பைல ரொம்ப தொல்லை குடுத்தது மூஞ்சில பூசற ஒரு கோல்டு (cold) க்ரீம் டப்பாதானாம், நீயும் அதெல்லாம் சின்னதா வாங்கிக்கோ.

நீ இப்படிச் செய். அம்மா கிட்ட காரணம் சொல்லாத, டிக்கெட்டைக் காட்டு. பெங்களூர் போய் அங்கிருந்து ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலைல ஹொஸ்பேட், அங்கிருந்து ஹம்பிக்கு பஸ் இருக்கு, கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர்தான். தங்கற ரூம் போன் நம்பர் ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போ. அப்பவும் எதுக்குன்னு கேட்டா "சும்மா"ன்னு சொல்லிப் பழகு, மொத தடவை நாக்கு குழறும், பரவால்ல.

பொம்பளைங்க தனியா ஊர் சுத்தறதெல்லாம் நம்ம கலாச்சாரமா?
(வாசகர், ஆற்காடு)

அரக்கோணம் பக்கத்துல திருவாலங்காடு இருக்கே சார், போயிருக்கீங்களா? அங்க காரைக்கால் அம்மையார் இருக்காங்க. ஒண்டியா கைலாசம் வரைக்கும் போன அம்மா, அதுவும் கடைசில காலால மிதிக்கக்கூடாதுன்னு தலையால நடந்து போனாங்கன்னு பெரியபுராணம் சொல்லுது. எனக்கு அதுல உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி இந்த அழகான உடம்பு எனக்கு வேணாம், பேய் உருவம் குடுன்னு கேட்டு வாங்கிக்கினு போறாங்க. பக்திதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு பொம்பளை நிம்மதியா ரோட்ல நடக்க பேயாவணும்னா பிரச்சனை யார் கிட்ட கீதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

உலகத்தை சுத்தின மொத பொம்பளை யாரு அக்கா?
(கல்லூரி மாணவி, ராணிப்பேட்டை)

ஜான் பாரேன்னு ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. செடி கொடி பத்தி நல்லா தெரிஞ்சவங்க. 1766-ல கிளம்பின கப்பல் பயணத்துல பொம்பளைக்கு இடமே கிடையாது, அதனால ஆம்பளை வேஷம் போட்டு ஏறிட்டாங்க. மேல சொன்ன பேய் உருவம் மாதிரிதான் இதுவும். இப்ப அந்தத் தொல்லை இல்ல, நம்ம பாண்டிச்சேரி பொண்ணு ரூபாவும் கோழிக்கோட்டு தில்னாவும், ரெண்டு பேரும் நேவி ஆபீசருங்க, தாரிணிங்கற பாய்மரப் படகுல 2024 அக்டோபர்ல கோவால இருந்து கிளம்பி 8 மாசத்துல உலகத்தை சுத்திட்டு 2025 மே மாசம் வந்து சேந்தாங்க. படகுல வேற யாருமே கிடையாது, அவங்க ரெண்டு பேர்தான்.

நான் ஷூ கம்பெனில தையல் மெஷின்ல வேலை பாக்கறேன், 47 வயசு. முட்டி வலி இருக்கு. திருப்பதி தவிர எங்கயும் போனதில்ல. மலை, பனி எல்லாம் டிவில பாக்கறப்ப ஏக்கமா இருக்கு. லேட் ஆயிடுச்சா?
(வாசகி, ஆம்பூர்)

அலெக்சாண்ட்ரா டேவிட் நீல்னு ஒரு அம்மா, வெளிநாட்டு ஆளுங்களை உள்ள விடாத திபெத் லாசாவுக்கு பிச்சைக்கார யாத்ரீகர் வேஷத்துல பனி மலை தாண்டி நடந்து போனப்ப அவங்களுக்கு 55 வயசு, வருஷம் 1924. புருஷன் கிட்ட ஒன்றரை வருஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு கிளம்பினவங்க ஊர் திரும்ப 14 வருஷம் ஆச்சு. நீ அந்த அளவுக்கு வேணாம் தாயி!

மொதல்ல பக்கத்துல இருக்கறதுல ஆரம்பி. உனக்கு ஏலகிரி எவ்ளோ கிட்ட, 14 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,100 மீட்டர் உயரம், முட்டிக்கு ஒண்ணும் ஆகாம பஸ்லயே மேல போயிடலாம். ஒரு ஞாயித்துக்கிழமை, மருமவ கிட்ட சாவி குடுத்துட்டு போய்ட்டு வா. அடுத்து ஜவ்வாது மலை, காவலூர்ல 2.3 மீட்டர் கண்ணாடி வெச்ச பெரிய டெலஸ்கோப் இருக்கு, நம்ம ஜில்லாக்காரங்க பாதி பேர் அதை பாத்ததே இல்ல (நானே 50 வயசுக்கு மேலதான் பாத்தேன், வெக்கக்கேடு). பனி மலைக்கு டாக்டர் கிட்ட முட்டியைக் காட்டிட்டு அடுத்த வருஷம் பிளான் பண்ணு. உன் வயசுல ஒரு லாபமும் இருக்கு, 45 தாண்டின பொம்பளைங்களுக்கு இடம் இருந்தா ரயில்வே கம்ப்யூட்டரே கீழ் பெர்த் போட்டுக் குடுத்துடும்.

ராத்திரி ட்ரெயின்ல தனியா போக பயம். என்ன பண்ணலாம்?
(வாசகி, சோளிங்கர்)

பயம் எனக்கும் உண்டு, இல்லன்னு யாராவது சொன்னா நம்பாத. தூரம் போற ட்ரெயின்ல ஸ்லீப்பர்ல பொம்பளைங்களுக்குன்னு 6 பெர்த் கோட்டா இருக்கு, புக் பண்றப்ப லேடீஸ் கோட்டாவைப் பாரு. ரயில்வே உதவி நம்பர் 139-ஐ போன்ல போட்டு வை. பக்கத்து சீட்ல யாராவது குடும்பமா இருந்தா ஏறினதும் ரெண்டு வார்த்தை பேசிடு, ஆனா எங்க தங்கறேன்னு மட்டும் யார் கிட்டயும் சொல்லாத, கேட்டா சித்தி வூடுன்னு சொல்லு. வூட்ல புளுகறதுதான் தப்பு, ட்ரெயின்ல தாராளமா புளுகலாம்.

இந்த தடவை ஊட்டிக்கு நான் மட்டும் போலாம்னு இருந்தேன். 68 வயசு மாமியார் நானும் வரேன்னு பையை கட்டிட்டாங்க. இப்ப இன்னா பண்றது?
(வாசகி, சத்துவாச்சாரி)

எதுக்கு வரேன்னு மட்டும் கேட்டுடாத. கூட்டிக்கினு போ. மேட்டுப்பாளையத்துல அந்த மலை ரயில் ஏறறதுக்கு முன்னாடியே ஜன்னல் சீட்டு யாருக்குன்னு பேசி முடிச்சுக்கோ.