மலையடிவாரத்தில் சிற்றலை வானொலி: சுழலும் ஆன்டெனா வாங்கலாமா?

கேள்வி: செங்கோட்டைப் பக்கம் புளியரையில் இருக்கிறேன். ருமேனியா வானொலியை 31 மீட்டர் பேண்டில் (அலைநீளம் சுமார் 31 மீட்டர் உள்ள சிற்றலை வரிசை) கேட்பது வழக்கம். சில நாள் தெளிவாக வரும், சில நாள் ஒரே கரகரப்பு. மேற்கே முழுக்க மலை. மாடியில் வைத்து வேண்டிய திசைக்குத் திருப்பலாம் என்று மோட்டாரோடு ஒரு யாகி ஆன்டெனாவை (பழைய டி.வி. ஆன்டெனா மாதிரி வரிசையாகக் கம்பிகள் உள்ளது) 38,000 ரூபாய் சொல்கிறார் கடைக்காரர். கம்பி ஒவ்வொன்றும் ஆள் உயரம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 31 மீட்டர் பேண்டில் அரை அலைநீளமே ஏறத்தாழ 15 மீட்டர். யாகி ஒரு பக்கமாகக் கேட்க வேண்டுமென்றால் அதன் கம்பிகளும் கிட்டத்தட்ட அந்த நீளம் இருக்க வேண்டும். ஆள் உயரக் கம்பியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த பேண்டில் பெரிதாக ஒன்றும் மாறாது.

சரி, முழு அளவு யாகியே கிடைத்தாலும் அதை எவ்வளவு உயரத்தில் நிறுத்துவீர்கள்? படுக்கைவாட்டில் இருக்கும் ஆன்டெனா 7 மீட்டருக்கும் கீழே இருந்தால் தலைக்கு மேலிருந்து வரும் அலைகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். 15 மீட்டர் ஏற்றினால் நன்றாகப் பிடிக்கும் கோணம் அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரிக்கு இறங்கும். 15 டிகிரி வேண்டுமென்றால் 30 மீட்டர் கோபுரம் கட்ட வேண்டும். தூரத்து நிலையங்கள் பெரும்பாலும் அதற்கும் தாழ்வாகத்தான் வரும். ருமேனியா உங்களுக்கு வடமேற்கே சுமார் 6,300 கி.மீ. அங்கிருந்து கிளம்பும் அலை சுமார் 300 கி.மீ. உயரத்தில் அயனி மண்டலத்தில் (சிற்றலைகளைத் தரைக்குத் திருப்பும் மேல் வளிமண்டல அடுக்கு) பட்டுத் திரும்புகிறது என்று வையுங்கள். இப்படி ஒருமுறை மேலே போய்த் தரைக்கு வருவது ஒரு தாவல். இரண்டு தாவலில் வந்தால் 3, 4 டிகிரியில் வந்து சேரும். மூன்று தாவலென்றால் 11, நான்கு என்றால் 17.

உங்கள் ஊர் மலையின் சங்கதி இங்கேதான் வருகிறது. கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள், அதன் அகலம் சுமார் 10 டிகிரி. வடமேற்கே மலை ஒரு முஷ்டி உயரம் தெரிந்தால் இரண்டு தாவல் அலை அடிபடும், மூன்று தாவல் ஒட்டி உரசிக்கொண்டு வரும், நான்கு தாவல் தாராளமாக வரும். அயனி மண்டலம் நாளுக்கு நாள் மாறுவதால் எந்த வழி திறந்திருக்கும் என்பதும் மாறும். சில நாள் கரகரப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பி 15 மீட்டர் வாங்கி, நடுவில் வெட்டி, அங்கிருந்து கோஆக்சியல் கேபிளை (டி.வி. கேபிள் மாதிரியானது) ரேடியோவுக்கு இறக்குங்கள். கம்பி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடட்டும். அப்போது அதன் பக்கவாட்டு, அதாவது நன்றாகக் கேட்கும் பக்கம், வடமேற்கைப் பார்க்கும். தென்னையில் கட்டினால் காற்றுக்கு ஆடும், கொஞ்சம் தளர்வு விடுங்கள். கரண்ட் லைன் பக்கம் போகவே கூடாது. இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் ராத்திரியில் ரேடியோ முள்ளை அந்த பேண்டில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து கேபிளைச் செருகுங்கள். இரைச்சல் நன்றாக ஏறினால் ரேடியோவுக்குப் போதுமான அலை கிடைக்கிறது. அதற்கு மேல் ஆன்டெனாவைப் பெரிதாக்கினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். அடுத்து ரேடியோவை பேட்டரியில் போட்டு, வீட்டு மெயினை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் இறங்கினால் எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது என்று பிடியுங்கள். காசை அதை மாற்றுவதற்கும், வயர்களில் ஃபெரைட் வளையம் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) போடுவதற்கும் செலவழியுங்கள்.