'எஸ்தர்' (1986): அரண்மனைக் கதையில் ஏன் இடிந்த சுவர்கள்?

பாரசீக அரசியான யூதப் பெண் எஸ்தர் தன் மக்களை அழிவிலிருந்து காக்கும் பைபிள் கதைதான் இது. இஸ்ரேலிய இயக்குநர் அமோஸ் கித்தாயின் இந்த எபிரேயப் படத்தில் அரண்மனையே இல்லை, நடுவே நகரச் சத்தம் வேறு கேட்கிறது, பட்ஜெட் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தெரிந்தே செய்தது.

பாரசீகத் தலைநகர் சூசானின் அரண்மனையாக வருவது இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள வாதி சாலிப். 1948 வரை அரபுக் குடும்பங்கள் இருந்த பகுதி. பிறகு குடியேறிய மொராக்கோ யூதர்கள் 1959-இல் பாகுபாட்டை எதிர்த்துக் கொதித்தெழுந்ததும் இங்கேதான். எஸ்தரை வளர்த்த உறவினர் மொர்தெகாயாக நடிப்பவர் பாலஸ்தீனரான முகமது பக்ரி. இது தெரியாமல் பார்த்தால் பாதிப் படம் கைநழுவிவிடும்.

வெட்டில்லாத நீண்ட காட்சிகள் பாரசீக நுண்ணோவியங்களின் சாயலில் அமைந்தவை. முகபாவம் தேடினால் அலுப்புத் தட்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒளிப்பதிவு ஆன்றி அலக்கான். நிதானமாகப் பார்க்க வேண்டிய வேலை.

முன்னதாக எஸ்தர் புத்தகத்தின் 3, 8, 9 அதிகாரங்களைப் படித்துவிடுங்கள். யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட அமைச்சர் ஆமான் தூக்கிலிடப்படுவதோடு கதை முடிந்ததாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். 9-ஆம் அதிகாரத்தில், அழிவிலிருந்து தப்பிய யூதர்கள் தங்கள் பகைவர்களில் 75,000 பேரைக் கொல்கிறார்கள். கித்தாய் அழுத்துவது இந்தப் பகுதியைத்தான். கடைசியில் நடிகர்கள் வேடத்தை விட்டு வெளியே வந்து சொந்த வாழ்க்கையைப் பேசுகிறார்கள். அதைப் பின்குறிப்பென்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.