ரவுட்டர் மேல் பழி போடாதீர்கள்: பவர்லைன் அடாப்டர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், மாடி அறைக்கு வைஃபை சரியாக எட்டவில்லை என்று வீட்டு மின்கம்பி வழியாகவே நெட்டைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் ஜோடி வாங்கி, மாடியில் உள்ள அடாப்டரோடு லான் கேபிள் வழியாக ஒரு வைஃபை எக்ஸ்டெண்டரை இணைத்தேன். அதிலிருந்து திடீர் திடீரென்று வீடு முழுக்க நெட் நின்றுவிடுகிறது, கீழே ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் போனுக்குக்கூட வருவதில்லை. அடாப்டரைப் பிடுங்கினால் சரியாகிவிடுகிறது. ரவுட்டர் பழசு, மாற்றிவிடு என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம், பணத்தை வீணாக்காதீர்கள். அடாப்டரைப் பிடுங்கினால் சரியாகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. பலரும் மாடியில் வேகம் குறைந்தால் மட்டும் அடாப்டரைச் சந்தேகிக்கிறார்கள். வீடே படுத்துவிட்டால் ரவுட்டரையும் நெட் கம்பெனியையும்தான் திட்டுகிறார்கள். ஆனால் ஒரு அடாப்டரால் மொத்த நெட்வொர்க்கையும் முடக்க முடியும்.

நான் முதலில் சந்தேகப்படுவது லூப், அதாவது வளையம். உங்கள் எக்ஸ்டெண்டர் கேபிள் வழியாக ரவுட்டரோடு பேசுகிறது, அதோடு பழைய செட்டிங் அப்படியே இருந்தால் வைஃபை வழியாகவும் ரவுட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு வழி. லான் கேபிளில் ஓடும் ஈத்தர்நெட் தகவல் துண்டுகளுக்கு ஆயுள் கணக்கு என்று எதுவும் கிடையாது, எனவே எல்லாக் கருவிகளுக்கும் போக வேண்டிய ஒரு சின்ன அறிவிப்பு இந்த வளையத்துக்குள் நுழைந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகும், கடைசியில் வேறு எதற்கும் இடம் இருக்காது. அலுவலகங்களில் வைக்கும் பெரிய நெட்வொர்க் சுவிட்சுகள் (பல லான் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டிகள், ரவுட்டருக்குள்ளும் சின்னதாக ஒன்று இருக்கும்) இதைக் கண்டுபிடித்து ஒரு வழியை அடைத்துவிடும், நல்ல மெஷ் கருவிகள் (ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க வைஃபை தருபவை) பலவும் அப்படித்தான். வீட்டுக்கு வாங்கும் சாதாரண சுவிட்சும் எக்ஸ்டெண்டரும் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. நெட் நின்ற நேரத்தில் ரவுட்டரில் லான் விளக்குகள் எல்லாம் சேர்ந்து வெறி பிடித்த மாதிரி சிமிட்டினால் இதுதான். எக்ஸ்டெண்டரின் செட்டிங்கில் போய் அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுங்கள், வைஃபை வழியாக ரவுட்டரைப் பிடிப்பதை விட்டுவிடும்.

அதை மாற்றியும் நிற்கிறதா? அடுத்த முறை நிற்கும்போது ரவுட்டரை அணைக்காதீர்கள். ரவுட்டரில் செருகியிருக்கும் அடாப்டரின் லான் கேபிளை மட்டும் கழற்றுங்கள். லூப் இல்லாதபோதும் அந்த நொடியே எல்லாம் உயிர் பெற்றால், அடாப்டர் உள்ளுக்குள் உறைந்துபோய் 'கொஞ்சம் பொறு, அனுப்பாதே' என்ற சைகையை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. இதற்கு பாஸ் ஃபிரேம் என்று பெயர். மலிவான சுவிட்ச் அந்தப் பேச்சைக் கேட்டுத் தகவலைத் தேக்கிவைக்கும், தேக்கிவைக்கும் இடம் நிரம்பினால் மற்ற போர்ட்டுகளும் நின்றுபோகும். அடாப்டரின் ஃபர்ம்வேரை (அதற்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்துப் பாருங்கள், சுவிட்சில் ஃப்ளோ கன்ட்ரோலை, அதாவது இந்தச் சைகைக்குக் கட்டுப்படும் முறையை, அணைக்க வசதி இருந்தால் அணையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அடாப்டரை மாற்றுவதுதான் வழி. ரவுட்டரை அல்ல.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். நெட் இல்லாத நேரத்தில் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து 'கேட்வே' (வெளியே நெட்டுக்குப் போகும் வாசல்) முகவரி எது என்று பாருங்கள். அது உங்கள் ரவுட்டரின் முகவரியாக இல்லாவிட்டால், வீட்டில் வேறு ஏதோ ஒரு கருவியும் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்டெண்டர்களும் வைஃபை உள்ள சில பவர்லைன் அடாப்டர்களும் இப்படிச் செய்வதுண்டு. அந்தக் கருவியில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரை அணைத்துவிட்டால் போதும்.

கேள்வி: பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. எனக்கு 40 தான் வருகிறது, சாயங்காலம் ஆனால் 10-க்கும் கீழே. ஏமாற்றுகிறார்களா?

பதில்: அந்த எண்ணை அப்படிப் பெரிதாக அச்சிடுவது எனக்கும் கோபம்தான். 600 என்பது மின்கம்பியில் இரண்டு அடாப்டர்களும் தங்களுக்குள் எட்டக்கூடிய உச்ச வேகம், அதுவும் போக்கு, வரத்து இரண்டையும் சேர்த்து. மின்கம்பி ஒற்றையடிப் பாலம் மாதிரி, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பிழை திருத்தத்துக்கும் ஒரு பங்கு போய்விடும். போதாக்குறைக்கு 500, 600 என்று விற்கும் பல மாடல்களில் லான் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் தான்! எனவே எவ்வளவு நல்ல வயரிங் இருந்தாலும் 90 சொச்சத்துக்கு மேல் போகாது.

ஆனால் 40 ஏன் 10 ஆகிறது என்பதுதான் நாம் சரிசெய்யக்கூடிய விஷயம். ஹோம்பிளக் ஏவி என்ற பவர்லைன் தரத்தைப் பின்பற்றும் அடாப்டர்கள் சுமார் 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில் பேசுகின்றன, ஏவி2 வகை 86 வரை போகும். சார்ஜர், எல்இடி பல்பு, டிம்மர், மோட்டார் ஓடும் எதுவும் அதே கம்பியில் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பக்கூடியவை. சாயங்காலம் விளக்கு போடுகிறோம், போனை சார்ஜில் போடுகிறோம், டிவி ஓடுகிறது. அதனால்தான் அந்த நேரம் பார்த்து விழுகிறது.

முதலில் இரண்டு அடாப்டரையும் நேராகச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் கார்டு, யுபிஎஸ் எதுவும் நடுவே வரக்கூடாது, ஏனென்றால் ஸ்பைக் கார்டுக்குள் இருக்கும் ஃபில்டருக்கு அடாப்டரின் சிக்னலும் ஒரு இரைச்சல்தான், அதை விழுங்கிவிடும். இதையே திருப்பிப் போட்டு நமக்குச் சாதகமாக்கலாம்: இரைச்சல் கிளப்பும் சார்ஜர்களையெல்லாம் ஃபில்டர் உள்ள ஸ்பைக் கார்டில் போட்டுவிடுங்கள், அடாப்டர் மட்டும் சுவரில் இருக்கட்டும். எது இரைச்சல் கிளப்புகிறது என்று கண்டுபிடிக்க, அடாப்டர் கம்பெனி தரும் மென்பொருளில் இணைப்பு வேகத்தைப் பார்த்துக்கொண்டே சாயங்காலத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் துள்ளி ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. வேகத்தை அளக்க இணையதள ஸ்பீடு டெஸ்டை நம்ப வேண்டாம், அதில் நெட் கம்பெனியின் கோளாறும் கலந்துவிடும். வீட்டுக்குள்ளேயே இரண்டு கணினிகளுக்கு நடுவே ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு அறைக்கும் தனித்தனி ஃபேஸ் வந்தால் சிக்னல் கடந்து போவது சிரமம். பாயின்ட்டை மாற்றிப் பார்ப்பதைத் தவிர செய்வதற்கு அதிகம் இல்லை. எம்ஐஎம்ஓ என்று போட்ட மாடல்கள் எர்த் வயரையும் பயன்படுத்தும், அந்தப் பாயின்ட்டில் எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் கூடுதல் காசு கொடுத்ததற்குப் பலன் இருக்காது. எர்த் இல்லை என்று தெரிந்தால் நெட்டுக்காக மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்காகவும் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அடாப்டர் போட்டதிலிருந்து, டெலிபோன் லைன் வழியாக நெட் தரும் டிஎஸ்எல் மோடமே அடிக்கடி இணைப்பை இழந்து மறுபடி மறுபடி இணைகிறது. அடாப்டருக்கும் டெலிபோன் லைனுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நேரடியாகக் கம்பி சம்பந்தம் இல்லை, அலைவரிசை சம்பந்தம் உண்டு. டிஎஸ்எல்லின் வேகமான வகையான விடிஎஸ்எல்2-வில் பரவலாக இருக்கும் 17ஏ வகை சுமார் 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது, பவர்லைன் பேசுவதும் அங்கேதான். மின்கம்பியும் டெலிபோன் கம்பியும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் கசியும். அடாப்டர்களைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் முழுக்க மோடத்தின் பதிவில் பிழை எண்ணிக்கையைக் கவனியுங்கள். குறைந்தால் சந்தேகமே வேண்டாம். மோடத்தின் பிளக்கிலிருந்து அடாப்டரைத் தள்ளிவைத்து நீளமான லான் கேபிளால் இணையுங்கள், டெலிபோன் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் விழுந்தால் அந்த வீட்டுக்கு பவர்லைன் ஒத்துவரவில்லை என்று ஏற்றுக்கொண்டு ஒரு லான் கேபிள் இழுத்துவிடுவதே நல்லது. அந்த ஒரு நாள் வேலை ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

கேள்வி: ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் நெட் வருவதில்லை, அடாப்டரைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது.

பதில்: மின்சேமிப்பு முறைதான் காரணமாக இருக்கும். லான் போர்ட்டில் கருவி எதுவும் விழித்திருக்காவிட்டால் அடாப்டர் தூங்கப் போகும், சில மாடல்கள் ஒழுங்காக எழுவதில்லை. மென்பொருளில் அதை அணைத்துவிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால், எப்போதும் ஓடும் ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்சை அடாப்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே போட்டால் போர்ட் விழித்தே இருக்கும்.

கேள்வி: அபார்ட்மென்டில் இருக்கிறேன். அடாப்டர் மென்பொருளில் என்னுடையது அல்லாத ஒரு கருவி தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரருடையதா?

பதில்: இருக்கலாம். மீட்டரோடு சிக்னல் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், பொதுவான கம்பி வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடும். தகவல் ஏஇஎஸ் 128 பிட் என்ற குறியாக்க முறையில் பூட்டப்பட்டுத்தான் போகிறது, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே செருகிய ஹோம்பிளக் அடாப்டர்கள் பலவற்றுக்கும் ஒரே தொடக்கச் சாவிதான். அவர்களும் மாற்றாமல், நீங்களும் மாற்றாமல் இருந்தால் இரண்டு வீடும் ஒரே நெட்வொர்க். இன்றைக்கே மாற்றுங்கள்: ஒரு அடாப்டரில் ஜோடி சேர்க்கும் 'பேர்' (Pair) பட்டனைச் சில நொடி அதிகமாக அழுத்திப் பிடித்தால் பழைய சாவியை விட்டுவிடும் (எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பாருங்கள்), மற்றவற்றையும் அப்படியே செய்துவிட்டு, இரண்டிலும் பட்டனைச் சின்னதாக அழுத்தி ஜோடி சேருங்கள். மூன்றாவது இருந்தால், ஏற்கெனவே சேர்ந்த ஒன்றோடு அதைச் சேர்க்க வேண்டும். முடிந்ததும் மென்பொருளைத் திறந்து, அந்த வேற்றுக் கருவி பட்டியலில் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.